மூட்டு வாதமும் இருதய நலமும்

தென் அந்தமானில், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரை அடுத்துள்ள கராச்சர்மா, வேளாண் துறையினருக்குப் புதிய பெயர் அன்று. 1978-ல் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் தோன்றி, இன்று மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் என வழங்கும் நிறுவனம் அங்கேதான் இயங்கி வருகிறது. தென்னை, பாக்கு, நெல், நிக்கோபாரிக் கோழி ஆகியவை பற்றி அங்கே ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. தீவின் தோட்டங்களில் எத்தனை காய் காய்த்தது, எத்தனை முட்டை கிடைத்தது என்பதைக் குறித்து வைக்கக் களப் பணியாளரிடம் ஏடு உண்டு. மட்டை உரிக்கும் கையையும் நாற்று நடும் விரலையும் பற்றிக் குறித்து வைக்க ஏடு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அக்கை வீங்கினால் அது வெறும் கை வலி என்றே விடப்படுகிறது. அவ்வாறு விடப்படுவது இருதயத்திற்கும் கேடாய் முடியக்கூடும் என்பதே இங்கு எடுத்துரைக்கப்படும் பொருள்.

மூட்டு வலி எனும் ஒரே பெயருக்குள் இரு வேறு வகை வியாதிகள் அடங்கியுள்ளன. ஒன்று, வயது முதிர முதிர எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்வதால் வருவது. இது பெரும்பாலும் முழங்காலில் தோன்றும்; நடந்தால் மிகும், ஓய்ந்தால் தணியும். மற்றொன்று, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் உண்டாகும் அழற்சி. முடக்கு வாதம் இவ்வகையில் முதன்மையானது. விடியற்காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். அரை மணி, ஒரு மணி கடந்த பின்னரே இளகும். வேலை செய்யச் செய்ய வலி சற்றுக் குறையும். இரு கைகளிலும் ஒத்த மூட்டுகள் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களை இது ஏறத்தாழ மூன்று மடங்கு பீடிக்கிறது. ஹரியானாவின் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில் நடத்தப்பெற்று 1993-ல் வெளியான ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்கு 0.75 பேரிடம் இந்நோயைக் கண்டது. ஆயிரம் பெரியவர்கள் வாழும் ஊரில் ஏழெட்டுப் பேர் என்பது அதன் பொருள். ஒவ்வொரு களப் பணியாளரும் தம் எல்லைக்குள் இத்தகையோர் சிலரையேனும் அறிந்திருப்பார் எனலாம்.

அந்தமானில் இவ்விஷயத்திற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் சிக்குன்குனியா காய்ச்சல் அத்தீவுகளில் பரவியது. போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார நிலையம் அதை ஆராய்ந்து உறுதி செய்தது. இக்காய்ச்சல் இந்தியாவுக்கு முற்றிலும் புதிதன்று. 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் பரவி, பின்னர்ப் பல்லாண்டுகள் மறைந்திருந்து, மீண்டும் தலைகாட்டியது. 1952-ல் ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவில், வலியால் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லையே நோயின் பெயராக வைத்தனர். காய்ச்சல் சில நாளில் விடும். மூட்டு வீக்கமோ சிலருக்கு மாதக் கணக்கிலும், வேறு சிலருக்கு ஆண்டுக் கணக்கிலும் நீடிக்கும். இதனால் ஒரு தீய விளைவு நேர இடமுண்டு. "எல்லாம் அந்தக் காய்ச்சலின் மிச்சம்" என்று சொல்லிப் பழகிவிட்ட ஊரில், பின்னர்ப் புதிதாகத் தோன்றும் முடக்கு வாதமும் அதே கணக்கில் எழுதப்பட்டுவிடும். காய்ச்சல் வந்து ஆறு வாரத்திற்குப் பின்னும் மூட்டுகள் வீங்கியிருப்பின், காரணம் எதுவாயினும், மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இனி இருதயத்திற்கு வருவோம். அழற்சியைத் தூண்டும் இரசாயனப் பொருள்கள் மூட்டுக்குள் அடங்கி நிற்பன அல்ல. இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கின்றன. இரத்தக் குழாயின் உட்படலம் அவற்றால் தூண்டப்பட்டு, தன் வழவழப்பை இழந்து, வெள்ளணுக்களையும் கொழுப்பையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவ்வாறு சேரும் கொழுப்புப் படிவத்தின் மேல் மூடியையும் அழற்சி அரிக்கிறது. மூடி கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அடைபட்டது இருதயத் தமனியாயின் மாரடைப்பு, மூளைத் தமனியாயின் பக்கவாதம். விரல் மூட்டைத் தின்னும் அதே அழற்சிதான் தமனியின் சுவரையும் தின்கிறது.

அளவைப் பார்ப்போம். முடக்கு வாதம் உள்ளவர்க்கு இருதய, இரத்தக் குழாய் நோய் வரும் அபாயம் பிறரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வாத நோய்க் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்புகள், வழக்கமான கணக்குப்படி வரும் அபாய அளவை இந்நோயாளிகளுக்கு 1.5 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் இச்சோதனை நடைபெற வேண்டும் என்றும் கூறுகின்றன. நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று, முடக்கு வாதக்காரரின் இருதய அபாயம் நீரிழிவுக்காரரின் அபாயத்திற்குச் சமமானது என 2009-ல் காட்டியது. நீரிழிவு உள்ளவர்க்கு இருதயத்தைக் கவனிக்க வேண்டும் என்பது இன்று பள்ளிச் சிறுவனும் அறிந்தது. முடக்கு வாதம் உள்ளவர்க்கு அவ்வாறே செய்ய வேண்டும் என்பதைப் படித்தவரும் அறியார். லூபஸ் என்னும் அழற்சி நோயிலோ நிலைமை இன்னும் கடுமை. அந்நோய் கண்டு முதல் சில ஆண்டுகளில் நேரும் மரணங்களுக்கு நோயும் தொற்றும் காரணமாக, பல ஆண்டு கழித்து நேரும் மரணங்களுக்கு மாரடைப்பே பெருங்காரணம் என டொரண்டோ மருத்துவர்கள் 1976-லேயே எடுத்துரைத்தனர். 35 முதல் 44 வயது வரையுள்ள லூபஸ் நோயாளிப் பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் அதே வயதுப் பிற பெண்களைவிட ஐம்பது மடங்கு என்று அமெரிக்க ஆய்வொன்று 1997-ல் கணக்கிட்டது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்பதை 2004-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியுள்ளது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், நாற்பது வயதுத் தோட்டக்காரப் பெண்ணொருத்தியின் வீங்கிய விரல்கள் எதைச் சொல்கின்றன என்பது விளங்கும்.

இங்கு ஒரு பொறியும் உண்டு. நோய் உக்கிரமாக உள்ளபோது இரத்தத்தில் கொழுப்பின் அளவு குறைந்து காணப்படும். சோதனைச் சீட்டைப் பார்த்து "கொழுப்பு இல்லை, பயமில்லை" என்று மகிழ்வது தவறு. இந்நோயாளிக்கு இரத்தக் கொழுப்பு, அழற்சி தணிந்துள்ள காலத்தில் பார்க்கப்பட வேண்டும்.

தமிழ் மக்களிடையே வேறொரு பொறியும் உண்டு. அது மொழியில் உள்ளது. மூட்டு வலிக்கும் "வாயு" என்கிறோம். முதுகுப் பிடிப்புக்கும் "வாயு" என்கிறோம். மார்பு இறுக்கத்திற்கும் "வாயுப் பிடிப்பு" என்கிறோம். வாதம் என்பது கை கால் விளங்காமையையும் குறிக்கிறது, மூட்டு வீக்கத்தையும் குறிக்கிறது. பண்டைய வைத்திய நூல்களில் இச்சொற்களுக்கு வகுத்த பொருள் வேறு. இன்றைய பேச்சில் எல்லாம் ஒன்றாகிவிட்டன. பத்தாண்டாக மூட்டு வாயுவுடன் வாழ்ந்து பழகிய ஒருவருக்கு ஒரு நாள் மார்பு இறுகி, வியர்த்து, இடது தோளில் வலி இறங்கினால் அவர் என்ன எண்ணுவார்? வாயு மார்புக்கு ஏறிவிட்டது என்றே எண்ணுவார். வீட்டார் பெருங்காயமும் சுக்கும் தருவர். பெண்களுக்கு மாரடைப்பு மார்பு வலியின்றி, மூச்சுத் திணறலாகவும் தாடை வலியாகவும் மேல் வயிற்றுக் குமட்டலாகவும் வருவது உண்டாகையால் ஏமாற்றம் இன்னும் எளிது. அடைப்பு நேர்ந்த முதல் சில மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையே இருதயத் தசையைக் காக்கும். தீவிலிருந்து தீவுக்குக் கப்பலை எதிர்நோக்கியிருக்க வேண்டிய இடத்தில் இழக்கும் ஒரு மணி, நகரத்தில் இழக்கும் ஒரு மணியைவிட மதிப்பு மிக்கது. ஆகவே மூட்டு அழற்சி உள்ள ஒருவர் "வாயு" என்று சொன்னால், எந்த இடத்தில், எப்போது தொடங்கி, நடந்தால் மிகுகிறதா என்று கேட்டறியாமல் களப் பணியாளர் நகரலாகாது. சொல்லைத் திருத்த முயல்வதைவிட இந்த வினாக்களைப் பழக்கமாக்குவதே பயன் தரும். ஜனங்களின் சொல்லை அதிகாரிகள் மாற்றியதாக வரலாறு இல்லை.

வலிக்கு மக்கள் நாடும் மருந்தையும் நோக்க வேண்டும். ரோஃபெகாக்ஸிப் என்னும் வலி நிவாரணி, மாரடைப்பைப் பெருக்குவது நிரூபணமானதால் 2004 செப்டம்பரில் உலகெங்கும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டிலேயே இந்தியாவும் அதைத் தடை செய்தது. டைக்ளோஃபெனாக் மருந்திற்கும் அதையொத்த அபாயம் உண்டெனக் கண்டு, இருதய நோயாளிகளுக்கு அதைத் தரலாகாது என ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு நிறுவனம் 2013-ல் அறிவித்தது. (கால்நடைத் துறையினர் இப்பெயரை நன்கு அறிவர். மாடுகளுக்குப் போட்ட இம்மருந்து, அவற்றின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவ்வினத்தையே அருகச் செய்தமையால், 2006-ல் கால்நடைப் பயனுக்குத் தடை செய்யப்பட்டது.) மனிதருக்கு அது இன்றும் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு, மருத்துவர் சொற்படி உண்பது வேறு. ஆண்டு முழுவதும் காலையும் மாலையும் விழுங்கி வேலைக்குப் போவது வேறு. பின்னது இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், அழற்சியின் வேரையும் தொடாது.

ஸ்டிராய்டு மருந்தின் கதையும் இவ்வாறே. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்பவர், படுக்கையை விட்டு எழ இயலாத முடக்கு வாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். சில நாளில் நோயாளி எழுந்து நடந்தார். 1950-ல் அவருக்கும் கெண்டால், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் தந்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறி, எலும்பு நலிந்து, இருதய அபாயம் பெருகுவது பின்னரே தெரிந்தது. அவசரத்திற்கு அது அருமருந்து. ஆயினும் இன்று பெயரற்ற பொட்டலங்களில் "மூட்டு வலிச் சூரணம்" என்று விற்பனவற்றில் இதைக் கலந்து தரும் வழக்கம் நாட்டில் உண்டு. உண்ட மறுநாளே அற்புதமாக வலி நீங்கி, முகம் வட்டமாக உப்பத் தொடங்கினால் களப் பணியாளர் ஐயுற வேண்டும். அத்தகையவரை மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்வதும் ஆபத்து. மருத்துவரிடம் பொட்டலத்துடன் அனுப்ப வேண்டும்.

அழற்சியைத் தணித்தால் இருதயம் காக்கப்படுமா என்ற கேள்விக்கு விடை தேடும் முயற்சியில் தமிழ் நாட்டு மலர் ஒன்றுக்கும் பங்கு உண்டு. மாநில மலராகிய செங்காந்தளைக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் உழவர்கள் பயிரிடுகின்றனர். அதன் விதையில் உள்ள கால்ச்சிசின் என்னும் சத்து, யூரிக் அமிலப் படிகங்களால் கால் பெருவிரல் வீங்கும் நோய்க்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. 2017-ல், அழற்சித் தூது ஒன்றை மட்டும் தடுக்கும் கனகினுமாப் என்ற விலையுயர்ந்த மருந்து, கொழுப்பைச் சிறிதும் குறைக்காமலேயே மாரடைப்பு முதலியவற்றை நூற்றுக்குப் பதினைந்து வீதம் குறைத்தது. அழற்சிக் கொள்கைக்கு அது முதல் உறுதியான சான்று. பின்னர் மலிவான கால்ச்சிசினை நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் தந்து பார்த்தனர். 2019-லும் 2020-லும் வெளியான இரு பெரும் சோதனைகள் நற்பயனைக் காட்டின. 2023-ல் அமெரிக்கா இதை இருதய நோய்க்கு அங்கீகரித்தது. 2024-ல் வெளியான மற்றொரு பெரும் சோதனையிலோ பயன் காணப்படவில்லை. எனவே விவாதம் முடியவில்லை. கிழங்கை அரைத்துக் குடிப்பவர்க்கு மட்டும் விவாதத்திற்கு இடமில்லை: அது கொடிய விஷம், உயிரைப் போக்கும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு நோய். பெயர் ஒப்புமையால் இதை முடக்கு வாதத்தோடு குழப்பிக்கொள்வோர் பலர். ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைக்குத் தொண்டைப் புண் வந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலுடன் முழங்கால், கணுக்கால், முழங்கை என மூட்டுக்கு மூட்டு வலி தாவினால், அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வலி தடமின்றி ஆறிவிடும். இருதய வால்வில் விழுந்த வடு ஆறாது. மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒரு முறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாது போட்டுவந்தால் நோய் திரும்புவது தடுக்கப்படும். ஊசி நாளன்று வகுப்புக்கு வராத மாணவனைத் தண்டிக்காமலிருப்பது ஆசிரியர் செய்யக்கூடிய முதல் உதவி. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் முன் அடுத்த ஊசியின் தேதியைப் பெற்றோரிடம் நினைவூட்டுவது இரண்டாவது.

களப் பணியாளர் மீது முன்னரே பல சுமைகள் உள்ளன, மேலும் ஒன்றா என்ற ஆட்சேபம் எழலாம். அது நியாயமான ஆட்சேபம். ஆயினும் இங்குப் புதிய கருவி எதுவும் கோரப்படவில்லை. முப்பது வயதைக் கடந்தோருக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தேசியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. அவ்வேளையில் "காலையில் விரல் மடக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா, மூட்டு வீங்குகிறதா" என்று கேட்டு, ஆம் என்பவர் பெயருக்கு எதிரே ஒரு குறி இட்டால் போதும். குறி உள்ளவர் இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருப்பினும் "பார்க்கலாம்" என்று விடாமல் மேலே அனுப்ப வேண்டும் என்பதே கோரிக்கை. இன்னோர் ஆட்சேபம், வீணாகப் பீதியைக் கிளப்புவதாகும் என்பது. மூட்டு நோயால் ஏற்கெனவே மனம் நொந்தவரிடம் மாரடைப்பைப் பற்றிப் பேசுவது கடினமே. ஆனால் பேசாமல் விட்டதால் அவர் அபாயம் குறைந்துவிடவில்லை. மேலும், அவர்தம் கையில் உள்ள வழிகள் பல. புகையிலை மூட்டையும் கெடுக்கிறது, தமனியையும் கெடுக்கிறது. வெற்றிலையோடு அதை மெல்லும் பழக்கம் தீவுகளில் சாதாரணம். ஈறு நோய்க்கும் முடக்கு வாதத்திற்கும் தொடர்பு உண்டு. ஓய்ந்து கிடக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்று கைவிடப்பட்டது. உக்கிரம் தணிந்த நாளில் நடப்பது மூட்டுக்கும் இருதயத்திற்கும் நல்லது. கருவாடும் ஊறுகாயும் ஏற்றும் உப்பைக் குறைப்பதும் அவ்வாறே.

எல்லாவற்றினும் பெரிய காப்பு, அழற்சியையே அடக்கும் மருந்தைத் தவறாமல் உண்பது. அவற்றுள் மெத்தோட்ரெக்ஸேட் பழைமையானது, விலை குறைந்தது. முடக்கு வாதக்காரரிடையே இதை உண்போர்க்கு இருதய நோய் குறைவாகக் காணப்படுகிறது. மூட்டு நோயில்லாத இருதய நோயாளிகளுக்கு இதைத் தந்து பார்த்த பெருஞ்சோதனை பயன் ஏதும் இல்லை என 2019-ல் காட்டியது. ஆகவே இது இருதய மருந்தன்று, மூட்டு அழற்சியை அடக்கி அதன் வழியாகவே இருதயத்திற்கு உதவுவது. இதைத் தினமும் உண்ணலாகாது. வாரத்திற்கு ஒரே நாள்தான். தினமும் விழுங்கியவர்கள் வாய் புண்ணாகி, இரத்த அணுக்கள் குன்றி இறந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளிலும் பதிவாகியுள்ளன. சென்னையில் நிபுணரைப் பார்த்துவிட்டுக் கப்பலேறி வரும் நோயாளியின் சீட்டில் ஆங்கில எழுத்துகளே இருக்கும். அவர் வீட்டில் அதைப் படிப்பவர் இல்லாமலும் போகலாம். கராச்சர்மாவிலோ வேறெங்கோ அச்சீட்டைக் காணும் ஆசிரியரோ களப் பணியாளரோ மருந்துப் பெட்டியின் மீது "வாரத்திற்கு ஒரு முறை" என்று மட்டும் எழுதாமல், மருத்துவர் குறித்த கிழமையின் பெயரை, புதன் என்றால் புதன் என்றே, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, வீட்டாரை ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.